அலுவலகக் கணினியில் ஒரு மென்பொருளைப் போட ஏன் இவ்வளவு பாடு?

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு ஒன்று வருகிறது. திறந்தால் ஒரே கிறுக்கல். அதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன மென்பொருள் போதும். பதிவிறக்கி, 'இன்ஸ்டால்' பொத்தானைத் தட்டினால்... நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும்.

"நான் வேலை செய்யும் கணினியில் ஒன்றைப் போடக்கூட ஐடி பிரிவிடம் கெஞ்சணுமா?"

ஏன் பூட்டுகிறார்கள்?

விண்டோஸ் கணினியில் சாதாரணப் பயனீட்டாளர் தம்முடைய கோப்புகளைத் தொடலாம். நிர்வாகி கணினியின் எந்த மூலையையும் தொடலாம். தீங்கான மென்பொருள் நுழைந்தால், அந்த நேரம் கணினியில் இருப்பவருக்கு என்ன உரிமையோ அதே உரிமை அதற்கும் கிடைக்கும். நிர்வாகி உரிமையுடன் இருப்பவர் கண்ட மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தால் பாதுகாப்பு மென்பொருளையே அது அணைத்துவிடலாம்.

சிங்கப்பூர் இதை அனுபவித்திருக்கிறது. 2018இல் சிங்ஹெல்த் ஊடுருவலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோயின. அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கின் விவரங்களும் அதில் அடக்கம். தாக்கியவர்கள் முதலில் பிடித்தது ஊழியர் பயன்படுத்தும் கணினியை. அங்கிருந்து சர்வருக்குத் தாவினார்கள். விசாரணையில் தெரியவந்த குறைகளில் ஒன்று: நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல், 'பாஸ்வேர்டு' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டே எழுத்துகளை மாற்றியது!

கவனியுங்கள், அது சாதாரண ஊழியரின் கணக்கு இல்லை. 2019 ஜனவரியில் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி அபராதம். அதன் கணினிக் கட்டமைப்பைக் கவனித்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கோ 750,000 வெள்ளி.

அப்படியென்றால் இன்னும் இறுக்கிப் பூட்டலாமே?

அங்கேதான் சிக்கல். அந்தப் பழைய கோப்புக்கே வருவோம். விண்ணப்பம் போட்டு 3 நாளாகியும் பதில் இல்லை. வேலையோ இன்று மாலைக்குள் முடியணும். ஊழியர் என்ன செய்வார்? கோப்பைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வீட்டு லேப்டாப்பில் மாற்றுவார். இல்லையென்றால், யார் நடத்துகிறார் என்றே தெரியாத ஓர் இணையத்தளத்தில் முழுவதையும் ஒட்டுவார். அதில் வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் இருந்தால்?

கணினி பத்திரமாக இருக்கிறது. தகவல் வெளியே போய்விட்டது. ஐடி பிரிவுக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை.

நடுவழி இருக்கா?

இருக்கு. அனுமதித்த மென்பொருள்களை ஒரே இடத்தில் அடுக்கிவைத்தால் ஊழியரே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாததற்குச் சில நிமிடங்களுக்கு மட்டும் நிர்வாகி உரிமை கொடுத்து, என்ன போடப்பட்டது என்று பதிவுசெய்யலாம். ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு நிர்வாகிக் கடவுச்சொல் வைத்து, அதைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு. ஒரு கணினியின் கடவுச்சொல் வெளியானாலும் அதைவைத்து அடுத்ததைத் திறக்கமுடியாது.

என்னைக் கேட்டால், பூட்டுப் போடும் நிறுவனம் விண்ணப்பத்துக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வரும் என்பதையும் சொல்லவேண்டும். ஊழியரும் வெறும் மென்பொருளின் பெயரை மட்டும் அனுப்பாமல், எந்த வேலைக்கு, எப்போதைக்குள் வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து எழுதலாம். ஐடி பிரிவில் அதைப் படிப்பவருக்கு முடிவெடுக்கச் சுலபம்.