சத்தம் குறைந்தால்தான் பக்குவமா?

ஒரு ஹார்ட்கோர் பங்க் குழு புது ஆல்பம் போட்டு, அதில் ஒரு பாட்டு ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் போதும். "போச்சு, இவனுங்களும் பக்குவமாயிட்டானுங்க" என்று ஒப்பாரி தொடங்கிவிடும். 2025 ஜூனில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து டர்ன்ஸ்டைல் குழு 'நெவர் எனஃப்' ஆல்பத்தை வெளியிட்டபோதும் அதே ஒப்பாரிதான். சிந்தசைசர் வந்துவிட்டது, புல்லாங்குழல் வந்துவிட்டது, ஒரு பாட்டு ஆறரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது; ஆகவே இது ஹார்ட்கோரே இல்லையாம். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம், தொண்டை கிழியக் கத்தி, கை வலிக்க அடித்து, சட்டென்று நிறுத்துவதுதான் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பையன்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை மீறினால் துரோகம்.

இங்கே மலேசியாவில், சாஆ மாதிரி செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் இதே பேச்சு தலைகீழாக ஒலிக்கும். கோயில் திருவிழாவில் உருமி மேளம் அடிக்கும் பையன்களைப் பார்த்து, "இவனுங்களுக்கு எப்பதான் பக்குவம் வருமோ" என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ரசிகர் எதை நினைத்து அழுகிறாரோ, பெரியவர் அதற்காகவே ஏங்குகிறார். இரண்டு பேர் மனத்திலும் இருப்பது ஒரே நம்பிக்கை: பக்குவம் வந்தால் சத்தம் அடங்கும், கோபம் தணியும். அந்த நம்பிக்கையே தவறு என்பது என் கட்சி. அந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம்: வேகம்தான் கோபம். வேகம் குறைந்தால் கோபமும் குறைந்துவிட்டது.

இதைச் சொல்கிறவர் பிளாக் ஃபிளாக் குழுவின் 'மை வார்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார். கலிஃபோர்னியாவின் இந்தக் குழு 1981இல் 'டேமேஜ்ட்' என்ற ஆல்பத்தைப் போட்டது. ஹார்ட்கோருக்கு இலக்கணம் என்று இன்றும் அதைத்தான் காட்டுவார்கள். அடுத்து யூனிகார்ன் என்ற நிறுவனத்தோடு வழக்கு. குழுவின் பெயரில் புதிதாக எதையும் வெளியிட முடியாத நிலை. நீதிமன்றத் தடையை மீறியதாகச் சொல்லி கிதார் வாசிக்கும் கிரெக் கின்னையும் சக் டுகோவ்ஸ்கியையும் ஐந்து நாள் சிறையில் வைத்தார்கள். வழக்கு ஓய்ந்து 1984இல் 'மை வார்' வந்தபோது குழுவில் பேஸ் கிதாருக்கு ஆளில்லை. டேல் நிக்சன் என்ற கற்பனைப் பெயரில் கின்னே அதையும் வாசித்தார். முதல் பக்கம் பழைய பாய்ச்சல்தான். தட்டைத் திருப்பினால் மூன்றே பாடல்கள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல். தாளம் நடப்பதுகூட இல்லை, காலை இழுத்து இழுத்து வருகிறது. ஓர் அடி விழுந்தபின் அடுத்த அடி எப்போது விழும் என்று உடம்பு காத்திருக்கிறது. பாடகர் ஹென்றி ராலின்ஸ் பாடவில்லை, வாந்தி எடுக்கிறார் என்றே சொல்லலாம். ஒரு நிமிடப் பாட்டில் கோபம் சீக்கிரம் தீர்ந்துவிடும், நமக்கும் ஆறுதல். இங்கே தீராது. அன்றைய ரசிகர்கள் கடுப்பானார்கள். குழுவினர் தலைமுடி வளர்த்ததையும் சேர்த்தே திட்டினார்கள்.

திட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. 'டேமேஜ்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டே இப்படி இழுத்துக்கொண்டு வருவதுதான். வித்து அங்கேயே கிடந்தது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சில பையன்கள் இந்த இரண்டாம் பக்கத்தைப் பாடமாகவே எடுத்துக்கொண்டார்கள். மெல்வின்ஸ் குழு அங்கிருந்து வந்தது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தன் கைப்பட எழுதிய ஐம்பது ஆல்பங்களின் பட்டியலில் 'மை வார்' இருக்கிறது.

இரண்டாவது வாதம்: வாசிக்கத் தெரியாததுதான் பங்கின் அழகு. கற்றுக்கொண்டால் கெட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தது வேறு. வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின இளைஞர்களின் பேட் பிரெயின்ஸ், அந்நாளில் அவர்களை வேகத்தில் முந்த ஆளில்லை. அவர்கள் தொடங்கியது ஜாஸ் ஃபியூஷன் குழுவாக. அப்போது பெயர் மைண்ட் பவர். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா போன்ற குழுக்களைக் கேட்டு விரல் பழக்கியவர்கள். அந்த மகாவிஷ்ணுவின் ஜான் மெக்லாஃப்லின்தான் பிறகு நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் எல்.சங்கரின் வயலினோடும் 'சக்தி' அமைத்தவர். உலகம் அவ்வளவு சின்னது. ஆக, கடினமான இசையை முதலில் கற்று, பிறகு அதைச் சுருக்கி ஒரு நிமிடத்துக்குள் திணித்தார்கள். 1986இல் 'ஐ அகெய்ன்ஸ்ட் ஐ' ஆல்பத்தில் கனத்த ராக்கும் ஃபங்க்கும் வந்தபோது "மாறிவிட்டார்கள்" என்றார்கள். கையில் ஏற்கெனவே இருந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தார்கள். அந்த ஆல்பத்தில் 'சேக்ரட் லவ்' என்றொரு பாட்டு. பாடகர் எச்.ஆர். அப்போது சிறையில். அங்கிருந்து தொலைபேசியில் பாடினார், ஒலிப்பதிவுக்கூடத்தில் பிடித்துக்கொண்டார்கள். கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அந்தக் குரல் இன்றும் அந்தப் பாட்டில் அப்படியே இருக்கிறது. இதைப் பளபளப்பு என்று சொல்கிறவரோடு நான் வாதாட வரவில்லை.

ஹுஸ்கர் டு என்ற மினசோட்டாக் குழு இன்னொரு சாட்சி. 1982இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே 'லேண்ட் ஸ்பீட் ரெக்கார்ட்'. அரை மணி நேரத்துக்குள் பதினேழு பாடல்கள், மூச்சு விட இடம் கிடையாது. இரண்டே வருடம் கழித்து 'ஸென் ஆர்கேட்': இரட்டைத் தட்டு, 23 பாடல்கள், எழுபது நிமிடம், வீட்டைவிட்டு ஓடும் ஒரு பையனின் கதை. பியானோ உண்டு, பின்னோக்கி ஓடும் ஒலிநாடா உண்டு, பதினான்கு நிமிடக் கடைசி உருப்படி உண்டு. பெரும்பாலான பாடல்களை ஒரே முறை வாசித்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். மொத்தச் செலவு 3,200 டாலர்.

அந்தத் தொகையே மூன்றாவது வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறது. "எல்லாம் காசுக்காக" என்பார்கள். ஃபுகாஸி குழு பாட்டுக்குப் பாட்டு நுட்பமாகிக்கொண்டே போனது. நுழைவுச் சீட்டை மட்டும் ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருந்தது, பெரிய நிறுவனம் எதற்கும் போகவில்லை. ஸ்வீடனின் ரெஃப்யூஸ்ட், ஆர்னெட் கோல்மனின் புகழ்பெற்ற ஜாஸ் ஆல்பத்தின் பெயரைத் தழுவி 1998இல் 'தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்' போட்டது. அதே வருடம் வர்ஜீனியாவில் ஒரு வீட்டின் நிலவறையில் வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து நிறுத்தியது. குழுவும் அதோடு கலைந்தது. காசு பார்த்த லட்சணம் இது. டர்ன்ஸ்டைல் பெரிய நிறுவனத்தில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரோட்ரன்னர் நிறுவனத்துக்காக அவர்கள் 2018இல் செய்த முதல் ஆல்பம் 13 பாடல், 25 நிமிடம். பெரிய நிறுவனத்துக்குப் போன பிறகும் சுருக்கமாகத்தான் கத்தினார்கள். மாற்றம் கண்ணில் படும்படி வந்தது 2021இல், 'குளோ ஆன்' ஆல்பத்தில்.

எதிர்த்தரப்புக்கு நியாயமாக ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். மாறி நாசமாய்ப்போன குழுக்களும் உண்டு. இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் 1982இல் செய்த ஆல்பத்தைக் கேட்டு உலகத்தில் பாதிப் பேர் டிரம்ஸ் அடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார்கள். அதே குழு 1986இல் 'கிரேவ் நியூ வேர்ல்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பாடகர் கீச்சுக்குரலில் பாடுகிறார். அந்த வருடம் தலைமுடிக்குத் தைலம் தடவிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்த கூட்டத்தின் குரல் அது. ரசிகர்கள் மேடையை நோக்கிக் கையில் கிடைத்ததை வீசினார்கள். நானாக இருந்தாலும் வீசியிருப்பேன். பாஸ்டனின் எஸ்.எஸ்.டி. குழுவுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஆனால் இதைப் பக்குவக் கணக்கில் எழுதலாமா? பிளாக் ஃபிளாக் தன் பழைய பாட்டுக்குள் கிடந்த ஒன்றை இழுத்து நீட்டியது. டிஸ்சார்ஜ் அடுத்தவன் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டது. பழைய ஆல்பத்தில் புதியதன் வேர் தெரிகிறதா என்று தேடினால் இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபட்டுவிடும். டர்ன்ஸ்டைலின் அந்த ஆறரை நிமிடப் பாட்டு, அதன் பெயர் 'லுக் அவுட் ஃபார் மீ', கடைசியில் பால்டிமோர் நகரத்தின் நடனக்கூடத் தாளத்தில் போய் முடிகிறது. சொந்த ஊர்த் தெருவில் கேட்டு வளர்ந்த தாளத்தை எடுத்ததற்கு யார் கேள்வி கேட்பது?

நான்காவது வாதம் நம்மவர்களுடையது: இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன?

தெப்ராவ் நீரிணையைத் தாண்டினால் பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா ஹார்ட்கோர் குழு அல்ல, டெத் மெட்டல். ஆனாலும் உறுமல், வேகம், ஊர்ப் பெரியவர்களின் முகச்சுளிப்பு எல்லாம் ஒரே குடும்பம். பேஸ் கிதாரோடு உறுமுகிறவர் கதிர் என்று அறியப்படும் தமிழர். முதல் ஆல்பம் 1998இல். 2001இல் வந்த இரண்டாவதன் பெயர் 'தி ஆரியன் குரூசேட்'. திராவிட இயக்கப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காது அந்தப் பெயரில் கொஞ்சம் நெளியும், எனக்கு நெளிந்தது. 2003இல் 'குருக்ஷேத்ரா'. படையெடுப்பும் போர்க்களமுமாக இருந்த தலைப்புகள் 2005இல் 'பிரம்மவித்யா' என்று உள்ளே திரும்புகின்றன. 2009, 2011 என அந்த வரிசை மூன்று ஆல்பங்களாக நீண்டது. 'நான் யார்' என்ற அத்வைத விசாரணைதான் பொருள். அந்த விசாரணையை அவர்கள் வீணையில் மீட்டவில்லை. அதே டிரம்ஸ் இடி, அதே தொண்டை. பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமுமாக எழுதும் இவர்கள் தமிழைக் கொஞ்சம் தாராளமாக எடுத்திருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு உண்டு. அது வேறு வழக்கு. பதிமூன்று வருடத்தில் சிந்தனை எங்கேயோ போய்விட்டது, சத்தம் ஒரு அங்குலம் இறங்கவில்லை. பக்குவத்துக்கும் ஒலியளவுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் இந்த மூன்று தட்டுகளையும் என்ன செய்வார்கள்?

அதே சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் சில குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு வழிவிட்டார்கள். இங்கே மலேசியாவில் சட்டம் அவ்வளவு இறுக்கமில்லை, நாக்குதான் இறுக்கம். உருமி என்றால் ரவுடித்தனம் என்று ஒரு முத்திரை. அந்த மேளத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இடை ஒடுங்கிய மேளம், தோளில் தொங்குகிறது. ஒரு முகத்தில் குச்சியால் அடி. மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். தோல் உறுமுகிறது, பெயர் அங்கிருந்து வந்தது. தேய்ப்பின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து அந்த உறுமலை வளைக்கப் பழகுவதற்கு வருடங்கள் பிடிக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் அடித்துக்கொண்டே இருப்பான். கை தேறியவன் தேய்ப்பை நீட்டி, அடியை நிறுத்தி வைப்பான்; காவடி எடுத்தவர் அந்த இடைவெளியில்தான் ஆடத் தொடங்குவார். சத்தம் குறைந்ததா என்றால் இல்லை. 'மை வார்' இரண்டாம் பக்கத்தில் நடப்பதும் இதுவே. கிரெக் கின் உருமியைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை, போகட்டும்.

இந்த நாட்டில் உரத்த இசைக்காரர்களைப் பக்குவமில்லாத கூட்டம் என்று அதிகாரமும் எழுதி வைத்திருக்கிறது. 2015 ஆகஸ்டு 28 இரவு, தூய்மையான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 4 பேரணிக்கு முந்தின நாள், அம்பாங்கில் ரூமா ஆப்பி என்ற பங்க் இசைக்கூடத்தில் போலீஸ் புகுந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துச் சென்றது. தாங்களே இடம் பிடித்து, தாங்களே நிகழ்ச்சி நடத்தி, வெளியூர்க் குழுக்களுக்கும் மேடை கொடுத்து வந்தவர்கள் அவர்கள். பொறுப்பு என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு வாதம், கொஞ்சம் கண்ணீர் கலந்தது: பழைய ரசிகர்களைக் கைவிட்டுவிட்டார்கள். டர்ன்ஸ்டைல் புது ஆல்பம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 மே மாதத்தில், சொந்த ஊரின் பூங்கா ஒன்றில் இலவசமாக வாசித்தது. வீடற்றவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் அமைப்புக்கு அங்கே நிதி திரட்டினார்கள். கைவிட்டவர்கள் செய்கிற வேலையா இது? அதையும் விடுங்கள். 'டேமேஜ்ட்' இன்றும் கிடைக்கிறது. 'லேண்ட் ஸ்பீட் ரெக்கார்ட்' கிடைக்கிறது. டர்ன்ஸ்டைலின் அந்த 25 நிமிட ஆல்பம் கைப்பேசியிலேயே இருக்கிறது. வேகம்தான் வேண்டும் என்கிறவருக்கு அது இருக்கும் இடம் தெரியும். யாரும் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. பத்தொன்பது வயதில் போட்ட பாட்டையே முப்பத்தைந்திலும் திரும்பப் போடு என்று ஒரு குழுவை மிரட்டுவதற்கு மட்டும் அவருக்கு உரிமை கிடையாது.