‘தாழ்வான பகுதி’ எந்தத் தெரு? பெயரைச் சொல்லுங்கள்!

ஐப்பசி பிறந்தால் போதும். ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பத்திரிகைகளிலும் ஒரே வாசகம்தான். "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதைக் கேட்டுவிட்டு யாராவது மூட்டை முடிச்சைக் கட்டுகிறார்களா? கிடையாது. தன் வீடு தாழ்வான பகுதியில் இருப்பதாகச் சென்னையில் ஒருத்தரும் நினைப்பதில்லை. தாழ்வான பகுதி என்றால் அது பக்கத்துத் தெரு! சரி, பாதுகாப்பான இடம் எது? அதையும் யாரும் சொல்வதில்லை.

வெள்ளச் செய்தி உயிர் காக்கிற செய்தி. அதில் தெருப் பெயரும் மணிக் கணக்கும் இல்லாவிட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

29 ஆயிரம் கனஅடி

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதியை நகர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரை எடுத்த கணக்குப்படி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி வரை தண்ணீர் திறந்துவிட்டதாக அரசு கணக்கு சொன்னது.

அடையாறு கரை புரண்டது. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வரிசையாக வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ராத்திரி படுத்தவர்கள் தண்ணீரில் எழுந்தார்கள்.

"முன்கூட்டியே எச்சரித்தோம்" என்றது அரசு. "எங்கள் காதில் விழவே இல்லை" என்றார்கள் கரையோர மக்கள். பிறகு 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறை அறிக்கை, இது மனிதர்களால் வந்த பேரழிவு என்றே சொல்லிவிட்டது.

எச்சரிக்கை போனதாகவே வைத்துக்கொள்வோம். 29 ஆயிரம் கனஅடி என்றால் ஜாபர்கான்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம் இருப்பவருக்கு என்ன புரியும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கனஅடி சுமார் 28 லிட்டர். 29 ஆயிரம் கனஅடி என்பது 8 லட்சம் லிட்டருக்கும் மேல். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி ஒவ்வொரு வினாடியும் 68 வந்து ஆற்றில் கொட்டினால் எப்படி இருக்கும்? அவ்வளவு தண்ணீர்! இப்படிச் சொன்னால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அதுவும் போதாது. அந்தத் தண்ணீர் சைதாப்பேட்டைப் பாலத்துக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும்? ஆற்றங்கரையில் இருந்து எத்தனையாவது தெரு வரை ஏறும்? எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம்? இந்த மூன்றும் தெரிந்தால் மனிதன் பிள்ளைகுட்டிகளோடு கிளம்புவான். தெரியாவிட்டால் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பான்.

எல்லாப் பழியும் ஒரே ஏரிக்கா?

மழை பிடித்தால் எல்லாப் பத்திரிகையும் டெலிவிஷனும் செம்பரம்பாக்கத்துக்கு ஓடுகின்றன. ஏரியின் உயரம் 24 அடி. இன்றைக்கு 22 அடி, நாளைக்கு 23 அடி என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி படிக்கிறார்கள்.

ஆனால் முடிச்சூரை மூழ்கடிக்கிற தண்ணீர் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. செம்பரம்பாக்கம் உபரி நீர் திருநீர்மலை பக்கத்தில்தான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது. அங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். வேளச்சேரிக்கு ஆபத்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம் நிரம்புவதில். மணலிக்காரர் பார்க்க வேண்டியது புழலையும் பூண்டியையும்.

"செம்பரம்பாக்கம் திறக்கவில்லை, பயம் வேண்டாம்" என்று ஒரு வரி போட்டால், அதை நம்பி முடிச்சூர்க்காரர் நிம்மதியாகத் தூங்கப் போவார். அந்த ஒரு வரிக்கு யார் பொறுப்பு? எந்த ஊருக்கு எந்த ஏரி என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டாமா?

கேமரா நிற்கும் தெரு

இன்னொரு வேடிக்கை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நிருபர் கத்துகிறார். காலையில் காட்டிய அதே தெருவை ராத்திரி வரை காட்டுகிறார்கள். "சென்னை மிதக்கிறது" என்று கொட்டை எழுத்து வேறு. அதைப் பார்த்து வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் அலறுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு கிழவி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே கேமரா போகவில்லை. படகும் போகவில்லை.

நிஜச் செய்தி இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். 2015-ல் என்னாச்சு? முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பி வந்துவிட்டதாகக் கிளப்பிவிட்டார்கள். பண்ணைக்காரர்களே மறுக்கவேண்டி வந்தது. 250 சென்டிமீட்டர் மழை வரப்போவதாக அமெரிக்காவின் ‘நாசா’ சொன்னது என்று இன்னொரு புரளி. படித்தவர்களே அதை நாலு பேருக்கு அனுப்பினார்கள்.

புலி வருது கதை

2024 அக்டோபரில் சென்னைக்கு ‘ரெட் அலர்ட்’ கொடுத்தார்கள். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்று அதற்கு அர்த்தம். வேளச்சேரிக்காரர்கள் முன்னெச்சரிக்கையாகக் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம்! கடைகளில் பால் பாக்கெட் காலி. ஆனால் 16-ந்தேதி எதிர்பார்த்த பெருமழை பெய்யவில்லை. "எல்லாம் சும்மா பூச்சாண்டி" என்று டீக்கடையில் பேச்சு வந்தது.

இது ஆபத்தான பேச்சு. காற்றழுத்தம் கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் மழை ஆந்திரா பக்கம் போய்விடும். அதை மறுநாளே விளக்கி எழுதுவது பத்திரிகைகளின் கடமை. எழுதாவிட்டால் அடுத்த ‘ரெட் அலர்ட்’டை யார் மதிப்பார்கள்? கதையில் கடைசியில் புலி நிஜமாகவே வந்தது.

கரண்டு போன பிறகு

தண்ணீர் ஏறினால் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். ஷாக் அடித்துச் சாகாமல் இருக்க அது அவசியம். ஆனால் கரண்டு போனால் டெலிவிஷன் போச்சு. டவர் படுத்தால் செல்போனும் போச்சு. 2023 டிசம்பரில் ‘மிச்சாங்’ புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தார்கள். 2015 டிசம்பர் 2-ந்தேதி, 1878-ல் தொடங்கிய ‘இந்து’ பத்திரிகையே சென்னைப் பதிப்பை அச்சடிக்க முடியாமல் போனது. மறைமலைநகர் அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியவில்லை.

ஆகவே செய்தி சொல்லவேண்டிய நேரம் மழைக்கு முந்தின நாள். பிறகு? பேட்டரி ரேடியோதான். ஆட்டோவில் மைக் கட்டி தெருத் தெருவாகச் சொல்லலாம். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டு செல்போன்களில் அபாயச் சத்தத்தோடு எச்சரிக்கை அனுப்பிச் சோதித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதிலும் ‘தாழ்வான பகுதி’ என்றே வந்தால் சத்தம்தான் மிச்சம்.

மாலைப் பத்திரிகை என்ன செய்யலாம்?

ஆபீஸ் விட்டு ரெயிலுக்கு ஓடுகிறவர் கையில் மாலைப் பத்திரிகை இருக்கிறது. அவருக்கு மந்திரி பார்வையிட்ட படம் முக்கியமில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதை திறந்திருக்கிறதா? அரங்கநாதன் சுரங்கப்பாதையில் பஸ் போகுமா? மின்சார ரெயில் எதுவரை ஓடுகிறது? "பகல் 2 மணி நிலவரம்" என்று நேரம் போட்டு ஒரு கட்டம் கட்டினால் போதும். அதிலேயே கடல் எத்தனை மணிக்குப் பொங்கும் என்றும் போடவேண்டும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வடியாது.

முகாம் இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டும். போன் நம்பர் வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு 1913. மின்சாரப் புகாருக்கு 94987 94987. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள். அவற்றின் நம்பரையும் சேர்த்துப் போடவேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் செய்தி முடிந்துவிடாது. நனைந்த சுவிட்சைத் தொடாதே, குடிநீரைக் கொதிக்க வை, எலிக்காய்ச்சல் வரும் ஜாக்கிரதை என்று சொல்லவேண்டியது அப்போதுதான்.

இதற்கெல்லாம் கோடி ரூபாய் திட்டம் எதுவும் வேண்டாம். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று வார்டு என்ஜினீயருக்குத் தெரியும். துப்புரவுத் தொழிலாளிக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பட்டியலை மழைக்கு முன்பே அதிகாரிகள் வெளியிடட்டும். "வீட்டு விலை இறங்கிவிடும்" என்று சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். விலை இறங்கினால் பிறகு ஏறும். போன உயிர் வருமா?

அடுத்த ஐப்பசியில் ‘தாழ்வான பகுதி’ என்று அறிக்கை வந்தால், "எந்தத் தெரு சார்?" என்று நிருபர்கள் திருப்பிக் கேட்கவேண்டும். பதில் வருகிறவரை விடக்கூடாது!