நோவா, காயமா?

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கியதும், மாதக்கணக்காகப் புத்தகத்துடன் அமர்ந்திருந்த பிள்ளைகள் திடீரென மைதானத்தில் இறங்குகிறார்கள். மறுநாட் காலையிற் படியிறங்கவும் மாட்டாது முனகுகிறார்கள். அன்னையர் அஞ்சுகின்றனர், ஆசிரியராகிய நாமோ, "ஓடினாற் சரியாகிவிடும்" என்கிறோம். அச்சமும் அலட்சியமும் ஒருங்கே பிழையாகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவன் ஒருவன் கீழ்க்கால் எலும்பில் ஓரிடத்தை விரலாற் றொட்டு, "இந்த இடந்தான் சேர், ஓட ஓடக் கூடுகிறது" என்றான். சோம்பல் எனக் கருதி நாம் அவனை ஓடவிட்டோம். எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு என வைத்தியர் பின்னர் கூறினார். அம்மாணவனின் சொல்லிலேயே விடை இருந்தது. அதனைக் கேட்கும் செவி எமக்கு இருக்கவில்லை.

பழக்கமற்ற பயிற்சியால் வரும் தசைநோவு உடனே தோன்றுவதன்று. 12 முதல் 24 மணித்தியாலங்களின் பின் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துள் மறையும். இலற்றிக்கமிலமே காரணம் என்பார் பலர். அவ்வமிலம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துள் இரத்தத்தினின்று நீங்கிவிடும். தசைநார்களில் உண்டாகும் நுண்ணிய சிதைவும், அதனைச் சீராக்க உடல் செய்யும் முயற்சியுமே இந்நோவாம். இது இரு தொடைகளிலும் பரவலாக இருக்கும். மெல்ல நடந்தாற் சற்றுத் தணியும்.

காயத்தின் இயல்பு வேறு. ஓடும்போதே 'சுரீர்' எனத் தைக்கும். அல்லது ஓரிடத்தில் நின்று, பயிற்சியுடன் கூடிக்கொண்டே போகும். வீக்கம், கன்றல், மூட்டு அசையாமை, இரவிலும் ஓயாத வலி ஆகியன அதன் அடையாளங்கள். அவ்விடத்தை எண்ணெய் தேய்த்து உருவுதல் தகாது. ஓய்வு கொடுத்து, துணியிற் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். காலூன்றி நான்கடி நடக்க இயலாதாயின் வைத்தியரிடம் செல்லவேண்டும். கடும் பயிற்சியின் பின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறமாயின், அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

எனவே, பெற்றோரே, பிள்ளை நொண்டி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது தொடங்கியது? எங்கே நோகிறது? நடந்தாற் குறைகிறதா, கூடுகிறதா? மாணவர்களே, மறையாது விடை கூறுங்கள். நாமும் இப்பொழுது கேட்ட பின்னரே ஓடச் சொல்கிறோம்.