திரிகரண பரீட்சை

நம் தேசத்தில் பரீட்சைகளுக்குப் பஞ்சம் கிடையாது. மழை பொய்த்த வருஷங்கள் எத்தனையோ உண்டு. பரீட்சை பொய்த்த வருஷம் என்றால், கொள்ளைநோய் வந்த 2020, 2021 இரண்டையுந்தான் சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை பரீட்சைகளும் கேட்பது ஒரே கேள்விதான்: "உனக்கு என்ன தெரியும்?" "நீ யார்?" என்று கேட்கும் பரீட்சை மிக அபூர்வம். கல்யாணத்துக்குப் பிள்ளை தேடும்போதுகூட, பிள்ளை யார் என்பதைக் காட்டிலும் அவன் வாங்கும் சம்பளம் என்ன என்பதையே நாம் அதிகம் விசாரிக்கிறோம்.

"நீ யார்?" என்னும் கேள்வியை ஐந்து நாள் வைத்துக் கேட்கும் பரீட்சை ஒன்று உண்டு. ஆகாய விமானப் படையில் அதிகாரியாகச் சேர விரும்புவோருக்கு நடப்பது அது. வருஷந்தோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் நாலைந்து பேர், வானத்தில் விமானம் போனால் வகுப்பில் பாடம் நடக்கிறது என்பதையும் மறந்து அண்ணாந்து பார்க்கிறவர்கள், அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நம்மிடம் வருகிறார்கள். பின்னாலேயே அவர்களுடைய தகப்பனார்களும் வருகிறார்கள். பிள்ளை கேட்பது, "சார், எனக்குக் கிடைக்குமா?" என்பது. தகப்பனார் கேட்பது, "எந்தப் புஸ்தகம் வாங்க வேண்டும்?" என்பது. இந்தப் பரீட்சைக்குப் புஸ்தகம் போதாது என்பதைச் சொல்லவே இந்த வாரம் இந்தப் பத்திகளை எழுதுகிறோம்.

விமானப் படைக்குள் போக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று வீரர்களுக்கான வாசல். 2022-ம் ஆண்டு முதல் அதற்கு 'அக்னிவீர் வாயு' என்று பெயர். கம்ப்யூட்டரில் எழுத்துப் பரீட்சை, ஆண்பிள்ளைகளானால் 1.6 கிலோமீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடும் ஓட்டம், படை வாழ்க்கைக்குப் பொருந்துவாரா என்று பார்க்கும் சோதனை, கடைசியில் வைத்தியப் பரிசோதனை. இவற்றைத் தாண்டினால் நான்கு வருஷ சேவை. மற்றொன்று அதிகாரிகளுக்கான வாசல். பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் எடுத்துப் பன்னிரண்டாவது படிப்பவர்கள் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு எழுதலாம். பட்டதாரிகள் விமானப் படையே நடத்தும் பொது நுழைவுப் பரீட்சையை எழுதலாம். எழுத்தில் தேறியவர்களைத் தேர்வு வாரியம் அழைக்கும். டேராடூன், மைசூரு, காந்திநகர், வாராணசி முதலிய ஊர்களில் அந்த வாரியங்கள் இருக்கின்றன.

அங்கே நடப்பது என்ன? முதல் நாளே வடிகட்டிவிடுகிறார்கள். புத்திக் கூர்மையைச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்று. பிறகு தெளிவில்லாத ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். அதைப் பார்த்து 4 நிமிஷத்தில் ஒரு கதை எழுத வேண்டும். அப்புறம் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்லி, எல்லோரும் கூடிப் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். இதில் தேறாதவர்கள் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தங்கியவர்களுக்கு மறுநாள் முதல் அசல் சோதனை. வரிசையாகப் பன்னிரண்டு கதைகள் எழுதச் சொல்கிறார்கள். பதினொன்றுக்குப் படம் உண்டு. பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் திரை! அதற்குப் படத்தையும் அவனேதான் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு 60 சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. அதற்குள் மனத்தில் தோன்றியதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். பிறகு, இன்ன நிலைமையில் நீ என்ன செய்வாய் என்று 60 நிலைமைகள், அரைமணி நேரம். அதன் பிறகு, "உன்னைப் பற்றி உன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள்? ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள்? சிநேகிதர்கள் என்ன நினைக்கிறார்கள்? நீ என்ன நினைக்கிறாய்?" என்று எழுதச் சொல்வார்கள்.

இன்னொரு பக்கம் மைதானத்தில் பலகை, கயிறு, மரக்கட்டை முதலியவற்றைக் கொடுத்து, கால் தரையில் படாமல் ஒரு கூட்டமாகத் தடையைக் கடக்கச் சொல்வார்கள். தலைவர் என்று யாரையும் நியமிப்பதில்லை. யார் தலைவனாகிறான், யார் பிறரைத் தள்ளிவிட்டு முன்னே போகிறான், யார் தடுமாறுகிறவனுக்குக் கை கொடுக்கிறான் என்பதை ஓர் அதிகாரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவதாக, வேறோர் அதிகாரி தனியறையில் உட்கார வைத்து, பிறந்த ஊர் முதல் படித்த பத்திரிகை வரை நிதானமாக விசாரிப்பார்.

இந்த மூவரும், மனோதத்துவ நிபுணர், மைதான அதிகாரி, பேட்டி காணும் அதிகாரி ஆகிய மூவரும், தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். ஒருவர் கருத்தை மற்றவருக்குச் சொல்வதில்லை. கடைசி நாளில்தான் மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து ஒத்துப்பார்க்கிறார்கள். மனம் ஒன்று, வாக்கு ஒன்று, செயல் ஒன்று! நம் பெரியவர்கள் திரிகரண சுத்தி என்று சொன்னார்களே, அதைத்தான் அங்கே தேடுகிறார்கள். காகிதத்தில் எழுதிய வீரன் மைதானத்தில் காணாமற் போனால், அல்லது மைதானத்தில் கண்ட தைரியம் பேட்டியில் பொய்யாகிப் போனால், மூன்று கணக்கும் ஒத்துவராது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பயிற்சிக் கூடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடப் பழக்குவதும், ஆங்கிலத்தில் தயங்காமல் பேசப் பழக்குவதும் நல்ல காரியங்கள்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சில இடங்களில் கதைகளையே மனப்பாடம் செய்துவைக்கிறார்கள். எந்தப் படத்தைக் காட்டினாலும் கதாநாயகன் கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றி, கிராமத்துக்குச் சாலை போட்டு, பதக்கம் வாங்கிவிடுவான்! எத்தனையோ வருஷமாக இதே உத்தியோகத்தில் இருக்கும் நிபுணர், இந்தப் பதக்கக்காரனை எத்தனை முறை சந்தித்திருப்பார்? தவிரவும், 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்கள் வரும்போது, மனப்பாடம் பத்துச் சொல்லுக்குத் தாங்கும், இருபது சொல்லுக்குத் தாங்கும். அப்புறம் பேசுவது பிள்ளையின் சொந்த மனந்தான். அதற்காகத்தான் அந்த அவசரத்தையே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

அந்தச் சொந்த மனம் என்பது அவனிடம் இருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். நம் வீடுகளில் பிள்ளைக்குச் சட்டை எடுப்பவர் அம்மா. பன்னிரண்டாவதில் எந்தப் பாடம் என்று தீர்மானிப்பவர் அப்பா. எந்தக் காலேஜ் என்று தீர்மானிப்பவர் மாமா. ரயிலுக்கு டிக்கெட் எடுப்பவர் அண்ணா. பதினெட்டு வயது வரையில் ஒரு முழுத் தீர்மானமும் செய்து பழகாத பிள்ளையை வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தால், அவன் என்ன செய்வான்? "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுத முடியுமா? பள்ளிக்கூடங்களிலும் கதை இதுதான். பல இடங்களில் விளையாட்டுப் பீரியட் என்பது அட்டவணையில் மட்டும் இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் கணிதம் அதை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது. கூடி விளையாடாத பிள்ளை, கூடித் தடை தாண்டுவதை ஐந்தே நாளில் எங்கே கற்றுக்கொள்வான்?

ஆகையால் புஸ்தகம் கேட்டு வரும் தகப்பனார்களுக்கு நாம் சொல்லும் யோசனை இதுதான். பிள்ளையைத் தனியாக ஒரு வெளியூர்ப் பிரயாணத்துக்கு அனுப்புங்கள். வழி தவறினாலும் அவனே திரும்பி வரட்டும். வீட்டுக் காரியம் ஒன்றை முழுதாக அவனிடம் ஒப்படையுங்கள். சாப்பிடும்போது அவன் உங்களோடு மாறுபட்டுப் பேசினால், "வாயை மூடு" என்று சொல்லாமல், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். இவை விமானப் படைக்கு மாத்திரம் பிரயோஜனப்படும் பயிற்சிகள் அல்ல. அவன் அங்கே போகாவிட்டாலும் இவை வீண் போகா. பெண் குழந்தைகளுக்கும் இதே யோசனைதான். 2016-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவில் அதிகாரிகளானார்கள். வீட்டுக்கு வெளியே தனியே அனுப்பிப் பழகாத பெண்ணைத் திடீரென்று வானத்துக்கு அனுப்ப முடியாது.

விமானம் ஓட்ட விரும்புவோர் முக்கியமாக அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. கைப்பிடியையும் கால்மிதியையும் ஒரே சமயத்தில் இயக்கி, முள்களைப் பார்த்துச் சட்டென்று பதில் சொல்லும் சோதனை ஒன்றை அவர்களுக்கு வைக்கிறார்கள். இப்போது அது கம்ப்யூட்டரில் நடக்கிறது. அதை ஆயுளில் ஒரே முறைதான் எழுதலாம். தவறினால், விமானம் ஓட்டும் பிரிவுக்கு மறுமுறை கிடையாது. "சும்மா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று தூக்கமில்லாமல் ரயிலேறிப் போகும் காரியம் அல்ல இது.

வைத்தியப் பரிசோதனையும் அப்படியே. விமானியின் ஆசனத்தில் பொருந்த வேண்டுமல்லவா? அதனால் கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள்ளும், உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று அளக்கிறார்கள். இதில் தவறுவது யாருடைய குற்றமும் அல்ல. 1932-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி இந்திய விமானப் படை பிறப்பதற்கு முன்பே, பயிற்சிக்காக இங்கிலாந்தில் கிரான்வெல்லுக்குப் போன முதல் கோஷ்டியில் ஆறு இந்தியர்கள் இருந்தார்கள். ஐவர் விமானிகளானார்கள். ஆறாமவரான டாண்டனுக்கு விமானியாவதற்கு வேண்டிய உயரம் போதவில்லை. அவர் ஊருக்குத் திரும்பி ஒளிந்துகொள்ளவில்லை. தரையில் பொருள் வழங்கும் பொறுப்பை ஏற்று அதே படையில் அதிகாரியானார். தரையில் நின்று வேலை செய்பவர்கள் இல்லாமல் எந்த விமானம் கிளம்பியிருக்கிறது? நிறங்களைப் பிரித்தறியும் சக்தியைப் பத்தாம் வகுப்பிலேயே கண் வைத்தியரிடம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை தமக்கு உண்டு என்று இருபது வயது வரை அறியாமலே இருப்பவர்கள் உண்டு. ஆசையை வளர்த்துக்கொண்டு கடைசி வாசலில் அறிவதைவிட, முன்னமே அறிவது மேல்.

கடைசி நாள் வருகிறது. தேறியவர்களின் எண்களைப் படிக்கிறார்கள். சில வேளைகளில் இரண்டு எண், மூன்று எண். சில வேளைகளில் ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போகிறார்கள்.

ராமேசுவரத்திலிருந்து போன இளைஞர் ஒருவரும் 1950-களின் இறுதியில் டேராடூனில் அப்படித்தான் பெட்டியைத் தூக்கினார். அன்று பரிசோதிக்கப்பட்டவர்கள் 25 பேர்; வேண்டியிருந்தவர்கள் 8 பேர்; அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். மனமுடைந்து ரிஷிகேசத்துக்குப் போய், சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றதாக அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்துல் கலாம் அவர்களின் மற்றச் சரித்திரத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. முப்படைகளுக்கும் தலைவரான ராஷ்டிரபதியாக, 2006-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, தமது 74-வது வயதில், புனேயில் சுகோய் போர் விமானத்தில் துணை விமானியாக அமர்ந்து பறந்தார்.

இந்தக் கதையை மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் நம் மனம் வேறு பதினாறு பேரைத்தான் நினைக்கிறது. அன்று எட்டுப் பேர் தேறினார்கள். ஒன்பதாமவரை உலகம் அறியும். பாக்கிப் பதினாறு பேர் என்னவானார்கள்? யாருக்கும் தெரியாது. அவர்களும் ரயிலேறி ஊர் திரும்பியிருப்பார்கள். வாசலில் ஒருவர், "என்னப்பா, போன காரியம் காயா பழமா?" என்று கேட்டிருப்பார். தோற்று வந்தவன் ராஷ்டிரபதியானால்தான் மன்னிப்போம் என்பது நியாயமல்ல. ஐந்து நாள் அன்னியர் நடுவே தன்னைத் தானே பரீட்சித்துக்கொண்டு வந்த பிள்ளை, திரும்பி வரும்போது போன பிள்ளை அல்ல. ஒரு படி வளர்ந்த பிள்ளை.

அக்னிவீரர்களாகச் சேருகிறவர்களுக்கும் இந்த வார்த்தை பொருந்தும். நான்கு வருஷம் முடிந்ததும் நால்வரில் ஒருவருக்கு மேல் படையில் நிலையாக வைத்துக்கொள்வதில்லை என்பது 2022-ல் வகுத்த திட்டம். மாதச் சம்பளத்தில் பிடித்த தொகையும் சர்க்கார் போட்ட சமபங்கும் சேர்ந்து சுமார் 10 லட்சம் ரூபாயும் வட்டியும் கையில் வரும். இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் மற்ற மூவரும் வீடு திரும்புவார்கள். அவர்கள் தோற்றவர்கள் அல்லர், சேவை முடித்தவர்கள். இந்த வித்தியாசத்தைத் தெருவும் உறவும் உணர வேண்டும். அந்தப் பணத்தைத் தங்கையின் கல்யாணச் சீருக்கு இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கும் வீடுகள், அது அவனுடைய மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் மூலதனம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வாரியம் பிள்ளையைப் பரீட்சிப்பது ஐந்து நாள். அவன் திரும்பி வரும் நாளில் பரீட்சை நமக்கு. அதற்கும் மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒத்திருக்க வேண்டும்: உள்ளே ஏமாற்றம் வைத்துக்கொண்டு வாயால் ஆறுதல் சொன்னால் பிள்ளை கண்டுகொள்வான். அவனும் இப்போது அந்த வித்தையை ஐந்து நாள் கற்று வந்தவன் அல்லவா?