ஆட்டுக் கொட்டகையில் தோற்றுப்போன மருந்து



சுகாதாரப் பகுதியில் ஆட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஆடு வளர்க்கிற குடும்பத்துக்கு அந்த ஆடுதான் பேங்கி. பிள்ளையின் பள்ளிச் செலவும் தீபாவளிச் செலவும் அந்தக் கொட்டகையில்தான் கட்டிக் கிடக்கின்றன. நல்லா மேய்ஞ்ச ஆடு இளைச்சுப் போகுது, தாடைக்குக் கீழே வீங்குது, ஒருநாள் காலையில பார்த்தா செத்துக் கிடக்குது. “யாரோ கண்ணு வச்சிட்டாங்க” என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் கண்ணும் அல்ல, காத்துக் கருப்பும் அல்ல. புழு!

ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு ஒன்று உண்டு. ஹீமாங்கஸ் என்பது அதன் பெயர். ஒரு பெண் புழு ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முட்டை போடும். முட்டை புழுக்கையோடு வெளியே வந்து பொரிந்து, குஞ்சுப்புழு ஈரப் புல்லில் ஏறி நிற்கும். அந்தப் புல்லைத் தின்கிற ஆட்டுக்குள் மறுபடியும் நுழையும். நம் லெம்பா பெர்த்தாம் குளிரில் முட்டை பொரியக் கொஞ்சம் தாமதமாகலாம். ஆனால் இங்கே மழைக்கும் பனிக்கும் குறைவா என்ன?

இந்தப் புழுவோடு மல்லுக்கட்டுவதையே தன் தொழிலாகக் கொண்டவர் டாக்டர் பஞ்சாட்சரம் சந்திரவதனி. ஈப்போவில் இருக்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் உழைத்த விஞ்ஞானி. பண்ணை பண்ணையாகப் புழுக்கையைச் சேகரித்து, முட்டையை எண்ணி, மருந்து கொடுத்த பிறகு மறுபடியும் எண்ணிப் பார்க்கிற வேலை அது. பார்ப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வேலைதான். ஆனால் அதிலிருந்து வந்த செய்தி நாட்டுக்கே எச்சரிக்கை.

தீபகற்ப மலேசியாவின் ஆட்டுப் பண்ணைகளில் பூச்சி மருந்துக்குப் புழுக்கள் மசியவில்லை என்று அவரும் உடன் உழைத்தவர்களும் 1999-இல் எழுதினார்கள். சபாவின் அரசாங்கப் பண்ணைகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே புழுவை அடக்க மருந்தே இல்லாமல் போனதை 2004-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு சுவீடன் நாட்டு உப்சாலாவில் இந்த விஷயத்துக்காகவே அவர் டாக்டர் பட்டம் பெற்றார். மருந்து தோற்றுவிட்டது என்று கைகட்டி உட்காரவும் இல்லை. குஞ்சுப்புழுவை வலைபோட்டுப் பிடித்துத் தின்னும் ஒருவகைப் பூஞ்சணம் உண்டு. அதைத் தீவனத்தோடு கொடுத்தால் புழுக்கையிலேயே முளைத்துப் புழுவைப் பிடிக்கிறதா என்று சோதித்தார். வேப்பிலையையும் செம்மறி ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

மருந்து ஏன் தோற்கிறது? நூறு புழுவில் இரண்டு மட்டும் மருந்துக்குத் தப்பின என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறை முழுவதும் அந்த இரண்டின் பிள்ளைகள். அதே மருந்தை அடிக்கடி கொடுத்தால் தப்புகிற கூட்டம்தான் பெருகும். “பாட்டில் சீக்கிரம் தீர்ந்திடும், பாதி ஊத்து” என்பது அதைவிடக் கேடு. அரை மருந்து புழுவைக் கொல்வதில்லை, பழக்கிவிடுகிறது. செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இதில் நம் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. ஆட்டுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல், நம் பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று வந்த ஐவர்மெக்டின்தான் ஆப்பிரிக்காவில் ஏழைகளின் கண்ணைக் காப்பாற்றியது. அதற்கு வழிகாட்டிய வில்லியம் கேம்பலும் கால்நடைப் புழுக்களை ஆராய்ந்தவர்தான். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். கொட்டகையில் படித்த பாடம் மனிதனுக்கும் உதவும். கொட்டகையில் நடந்த தவறு நம் வீட்டிலும் நடந்தால், பிள்ளையின் மருந்தும் ஒருநாள் தோற்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றாதீர்கள். கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். சிவந்திருந்தால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் மருந்து வேண்டும். எடை பார்த்து, இலாகா அதிகாரி சொல்லும் முழு அளவைக் கொடுங்கள். பனி காய்ந்த பிறகு புல் அறுங்கள், கொட்டகைத் தளத்தைப் பலகையால் உயர்த்துங்கள், புழுக்கையைப் புல்தரையில் கொட்டாதீர்கள். மருந்து கொடுத்த ஆட்டின் பாலையும் இறைச்சியையும் பாட்டிலில் எழுதிய நாள் முடியும்வரை தொடாதீர்கள். ஆட்டு மருந்தைப் பிள்ளைக்கு ஊற்றவே கூடாது. பிள்ளைக்குக் கிளினிக் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் தொழிலாளி தலையிலேயே கட்டினால் நியாயமாகுமா? விஞ்ஞானி ஈப்போவில் கண்டது லயத்துக்கு வந்து சேரவில்லை என்றால் அந்த அறிவு யாருக்கு? கால்நடை மருத்துவச் சேவை இலாகா தோட்டத்துக்கு வந்து புழுக்கைச் சோதனை செய்ய வேண்டும். நல்ல கொட்டகை போட நிர்வாகம் இடம் கொடுக்க வேண்டும். இதைக் கேட்பது பிச்சை அல்ல. ஆடு வளர்ப்போர் ஒவ்வொருவரும் பெயர் கொடுங்கள். அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசுவோம். ஒருத்தர் கேட்டால் கேட்காத காது, லயமே சேர்ந்து கேட்டால் கேட்கும்!