மூலையில் வைத்த சப்வூஃபரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்



இந்தப் பதிவு ஊரில் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், "சேர், ராவைக்குப் படிக்க ஏலாம இருக்கு, பக்கத்து வூட்டுல டும் டும் எண்டு அடிக்குது" என்று வந்து சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு ஆசிரியர் சும்மா இருக்க முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. அதை உலமாக்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஹோம் தியேட்டர் வாங்கியதிலும் எனக்குப் பிரச்சினை இல்லை. உங்கள் உழைப்பு, உங்கள் காசு. என் வழக்கு ஒன்றே ஒன்றுதான். அந்த சப்வூஃபரை எங்கே வைக்கிறீர்கள், எவ்வளவுக்குத் திருகி வைக்கிறீர்கள் என்பது உங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை.

"எங்கட வூடு, எங்கட சாமான், கதவைப் பூட்டிட்டுத்தானே பாக்குறம்" என்பார்கள். சரி, பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துவோம். கதி சமன் மீடிறன் தர அலைநீளம். வளியில் ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். சப்வூஃபரில் இருந்து வரும் 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எவ்வளவு? எட்டரை மீற்றர். உங்கள் ஹோலை விட நீளமான அலை அது. அதற்கு நீங்கள் பூட்டிய பலகைக் கதவு ஒரு கணக்கே இல்லை. ஒரு சுவர் ஒலியைத் தடுக்கும் சக்தி, மீடிறன் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்துகொண்டு போகும். அதனால்தான் பக்கத்து வீட்டாருக்குப் படத்தின் வசனம் கேட்பதில்லை, பாட்டும் கேட்பதில்லை. டும் டும் மட்டும் கேட்கிறது. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. சுவரில் முட்டைத் தட்டும் ஸ்பொஞ்சும் ஒட்டியவர்களும் இருக்கிறார்கள். அது ஹோலுக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஓர் அங்குல ஸ்பொஞ்சு எட்டரை மீற்றர் அலையை என்ன செய்யும்?

காத்தான்குடி, சாய்ந்தமருது போல நம் ஊர்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்தான். சில இடத்தில் அதுவும் இல்லை, ஒரே சுவர். அந்தச் சுவரின் மூலையில்தான் சப்வூஃபரைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "மூலையில வச்சாத்தான் அடி நல்லா வரும்" என்று கடைக்காரர் சொன்னாராம்.

சத்தம் கூடும் என்பது உண்மை. இரண்டு சுவரும் நிலமும் சேருகிற இடத்தில் பாஸ் பெருகும். ஆனால் கூடுதலான சத்தமும் நல்ல சத்தமும் ஒன்றில்லை. 16 அடி நீளமான ஹோலில் ஏறத்தாழ 35 ஹேர்ட்ஸில் நிலையான அலை ஒன்று உருவாகும். அதற்கு மேலும் பல உண்டு. மூலையில் வைத்தால் இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளப்பிவிடுகிறீர்கள். சில மீடிறன் மட்டும் வீங்கி, மற்றவை அமுங்கிப் போகும். வெடி வெடித்தாலும் டும், மேளம் அடித்தாலும் டும், லொறி போனாலும் டும். இதற்கா அவ்வளவு காசு கொடுத்தீர்கள்? பக்கத்து வீட்டாரின் தூக்கத்தையும் கெடுத்து, உங்கள் படத்தையும் கெடுத்துக்கொள்வது எந்த வகை ரசனை?

பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குவதும் இப்படித்தான். பி.எம்.பி.ஓ. என்று பக்கத்தில் போட்டிருந்தால் அந்த இலக்கத்துக்குப் பெறுமதி இல்லை. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் கடையில் வாங்காதீர்கள்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. செய்ய வேண்டியது இதுதான். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் இருந்து பார்க்கும் கதிரையில் வையுங்கள். பாஸ் உள்ள ஒன்றைப் போட்டுவிட்டு, அதை வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் குனிந்து, தலையை நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேளுங்கள். எந்த இடத்தில் வீக்கம் இல்லாமல் சீராகக் கேட்கிறதோ, அதுதான் அதன் இடம். அப்படிப் பல இடம் கிடைத்தால், பொதுச் சுவருக்குத் தூரமாக, உங்கள் கதிரைக்குக் கிட்ட இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். கிட்ட இருந்தால் குறைந்த சத்தமே போதும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று காதுக்கு இலகுவில் பிடிபடாது. ஆகவே டீவிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

கிராஸ்ஓவர் இருந்தால் 80 ஹேர்ட்ஸில் தொடங்குங்கள். பேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டுப் பார்த்து, பாஸ் நிறைவாக வரும் பக்கத்தில் விடுங்கள். பிறகு சப்வூஃபரின் சத்தத்தை, அது தனியாக ஒலிக்கிறது என்றே தெரியாத அளவுக்குக் குறையுங்கள். மாடி வீடு என்றால் அடியில் தடித்த றப்பர் வையுங்கள். நிலத்தின் வழியாகப் போகும் அதிர்வு குறையும். வளியில் போவது குறையாது. ஆகவே இரவாகிவிட்டால் நைட் மோட் இருந்தால் போடுங்கள், சப்வூஃபரின் சத்தத்தையும் இறக்குங்கள். பத்து மணிக்குப் பிறகு அதை நிறுத்திவிடுங்கள். படம் ஓடும். கதை விளங்கும். ஒன்றும் குறைந்துவிடாது.

"போன்ல அளந்து பாத்தன் சேர், டெசிபல் கூட இல்லை" என்று ஒரு தம்பி வாதாடினார். இரைச்சலை அளக்கப் பொதுவாகப் பாவிக்கும் டெசிபல் ஏ அளவு, 63 ஹேர்ட்ஸ் ஒலியில் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் இலக்கம் காட்டும். அந்த இலக்கத்தைத் தூக்கிக் காட்டி, தூங்க முடியாத ஒரு நோயாளியின் வாயை மூடலாம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2007 இல் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனைக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக் கூடாது என்று பணித்தது. அல்லாஹ்வின் வீட்டு ஒலிபெருக்கிக்கே அயலவரின் தூக்கம் ஓர் எல்லை போடுகிறது என்றால், உங்கள் வீட்டு சப்வூஃபருக்கு எல்லையே இல்லை என்று எந்த நியாயத்தில் சொல்கிறீர்கள்? அயலவரின் ஹக்கைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அன்றிரவே அவரின் சுவரை ஆட்டுவது என்ன நீதி?

ஒரேயொரு வேலை செய்யுங்கள். இன்றிரவு நீங்கள் வழமையாகப் பார்க்கும் அளவில் படத்தை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி, அவர்களின் பிள்ளை படிக்கும் கதிரையில் பத்து நிமிடம் இருங்கள். கையில் அந்தப் பிள்ளையின் கணிதக் கொப்பியை எடுத்து ஒரு கணக்கைச் செய்து பாருங்கள்.

செய்து முடிக்க முடிந்தால், என்னோடு வந்து சண்டை பிடியுங்கள்.