சிலம்பம் சுத்தினா மட்டும் ஃபிட்னஸ் வந்துடுமா?

பிள்ளைச்சாவடியிலிருந்து ஒருத்தர் இன்பாக்ஸில் ரெண்டு கேள்வி அனுப்பியிருந்தார். கடல் தொழில் பார்க்கிறவர்.

"டாக்டர், நான் தினமும் வலை இழுக்கிறேன், படகு தள்ளுறேன். ஆனா பையனோட ரெண்டு நிமிஷம் கம்புச் சண்டை ஆடினா நாக்கு தள்ளுது. எனக்கு ஹார்ட்ல ஏதாவது கோளாறா?" இது முதல் கேள்வி.

"பையனுக்குப் பத்து வயசு. மூணு மணி நேரம் நிக்காம கம்பு சுத்தி உலக சாதனை பண்ணப் போறாங்களாம். நல்ல ஸ்டாமினா வரும்ங்கிறாங்க. அனுப்பலாமா?" இது ரெண்டாவது.

ரெண்டாவதுக்குப் பதில்: வேண்டாம். ஏன்னு சொல்றதுக்கு முதல் கேள்வியிலிருந்து வரணும்.

நேர்ல பார்க்காம ஒருத்தர் இதயத்தைப் பத்தி நான் சொல்ல மாட்டேன். 40 தாண்டியிருந்தா பிபி, சுகர், ஒரு இசிஜி பார்த்துடுங்க. ஆனா இதயம் நல்லா இருக்கிறவருக்கும் இதே மூச்சு வாங்கும். உடம்பு எந்த வேலையைப் பழகுதோ, அந்த வேலைக்குத்தான் தேறும். வலை இழுக்கிறது ஒரே சீரான இழுவை. முதுகு, முன்கை, பிடிமானம் எல்லாம் இரும்பா இருக்கும். கம்புச் சண்டை வேற. பாய்ஞ்சு உள்ள போகணும், தொட்டுட்டு வெளிய வரணும், திரும்பணும், திரும்பப் பாயணும்.

முதல் 10 செகண்ட் தசையில ஏற்கனவே சேர்த்து வச்சிருக்கிற சக்தி ஓடும். அடுத்து ஒன்றரை, ரெண்டு நிமிஷத்துக்குப் பெரும்பங்கு, ஆக்ஸிஜன் பத்தாத அவசரத்துல குளுக்கோஸை உடைச்சு வர்ற சக்தி. அதைத் தாண்டினா ஆக்ஸிஜன் வழி. நம்மாளு ஆடுற ரெண்டு நிமிஷம் சரியா அந்தக் கஷ்டமான இடத்துல விழுது. போதாததுக்குப் புதுசா ஆடுறவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, தோளை இறுக்கிக்கிட்டு ஆடுவாங்க. காலடி நல்லா பழகின பையன் பாதி சக்தியை மிச்சம் பிடிச்சிடுவான். அப்பா தோக்கிறதுல ஆச்சரியமே இல்ல.

"அப்போ சிலம்பம் மட்டும் ஆடினாப் போதுமே, எதுக்குத் தனியா உடற்பயிற்சி?" இது இன்னொரு கட்சி. இதையும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவுல நாடித்துடிப்பு சட்டுனு இறங்கணும். அதைத் தர்றது ஓட்டம், நீச்சல், சைக்கிள் மாதிரி பொதுவான பயிற்சி. கம்போட எடை ரொம்பக் கம்மி. தொடைக்கும் இடுப்புக்கும் அது தர்ற பாரம் பத்தாது. நம்ம பழைய தாலிம்கானாக்காரங்களுக்கு இது தெரியும். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் அதுக்குத்தான். பக்கத்துல விழுப்புரத்துல பிள்ளைங்க ஏறுற மல்லர் கம்பம்கூட மல்யுத்தக்காரங்க உடம்பைத் தேத்த வச்சிருந்த பயிற்சிதான். அது தனி விளையாட்டா ஆனது பின்னாடி.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம் உடலுழைப்பு கேட்குது. பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி, கூடவே ரெண்டு நாள் தசைப் பயிற்சி. சிலம்பம் இதுல ஒரு பங்கு. முழுசும் அது இல்ல.

ஓடச் சொல்றது சுலபம், எங்க ஓடுறதுங்கிறதும் ஒரு கேள்விதான். 1980களோட கடைசியில புதுச்சேரி துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டினதுக்கு அப்புறம் வடக்கே கரை அரிச்சுக்கிட்டே வருது. பிள்ளைச்சாவடி பிள்ளைங்களுக்குக் கடல் மிச்சம் வச்சிருக்கிற மணல் கொஞ்சம்தான். ஈசிஆர் ஓரத்துல பஸ்ஸுக்கு நடுவுல குழந்தைங்களை ஓட விடாதீங்க. ஸ்கிப்பிங் கயிறு போதும், மொட்டை மாடி போதும்.

சரி, சாதனை நிகழ்ச்சிக்கு வருவோம்.

2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பம் டெமோ விளையாட்டா இடம்பிடிச்சது. சந்தோஷமான விஷயம். ஆனா அதே கலையை வச்சு, சின்னப் பிள்ளைங்களைப் பானை மேல, ஆணிப் பலகை மேல நிக்க வச்சு மணிக்கணக்கா சுத்த விடுறதுக்கு என்ன பேர்? பொது ஃபிட்னஸ்னு சொல்ல முடியாது, கால் அசையவே இல்ல. சிலம்பத்துக்கான பயிற்சின்னும் சொல்ல முடியாது, எந்தக் கம்புச் சண்டையும் மூணு மணி நேரம் ஒரே இடத்துல நின்னு நடக்காது. மிச்சம் இருக்கிறது ஒரே மணிக்கட்டும் ஒரே தோளும் ஆயிரக்கணக்கான தடவை அதே சுழற்சியைச் செய்யறது மட்டும். பத்து வயசுல எலும்பு முனையில வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. தொடர்ந்து அடி வாங்கினா முதல்ல நோகிறது அதுதான். வெயிலும் சேர்ந்தா உடம்புச் சூடு, நீரிழப்பு.

மெடலும் சான்றிதழும் அப்பா அம்மாவுக்குப் பெருமைதான், புரியுது. நடத்துறவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: குழந்தை "வலிக்குது, நிறுத்துறேன்"னு சொன்னா யார் நிறுத்துவாங்க? அங்க டாக்டர் யார்? பதில் வரலன்னா கூட்டிட்டு வந்துடுங்க.

விளையாட்டு மருத்துவர்கள் சொல்ற ஒரு எளிய கணக்கு இருக்கு: ஒரே விளையாட்டுல முறையான பயிற்சி, வாரத்துக்குக் குழந்தையோட வயசை விட அதிக மணி நேரம் போகக் கூடாது. பத்து வயசுன்னா வாரம் பத்து மணிக்குள்ள. ஒரே நாள்ல, நிக்காம மூணு மணி நேரம் சுத்துறதை அந்தக் கணக்கை வச்சு நியாயப்படுத்த முடியாது.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி, முழங்கை வெளிப்பக்கம் வலி, ராத்திரி தோள்பட்டை வலின்னா ஒரு வாரம் கம்பைக் கீழ வைக்கச் சொல்லுங்க. குறையலன்னா காட்டுங்க. ஆடும்போது மயக்கம், நெஞ்சு வலி, இல்ல குடும்பத்துல சின்ன வயசுலயே திடீர்னு யாராவது இறந்திருந்தா, ஒரு வாரம் எல்லாம் காத்திருக்காதீங்க. இதயத்தைச் சோதிச்சுப் பார்த்த பிறகுதான் அடுத்த வகுப்பு.